எத்தின ஜிபி வேணும்?

எங்கட ஊரில் இணையத்தளம் ஒன்று தொடங்க நினைக்கிற யாரும் முதலில் கேட்கிற கேள்வி, "வெப்சைட் போட எவ்வளவு முடியும்?" என்பதுதான். விற்கிறவர் பக்கமிருந்து திரும்பி வருகிற கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தின ஜிபி வேணும்?"

உவர்மலையில் வீட்டின் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரருக்கு விடுகிற மாமி ஒருவர் இருக்கிறார். உட்துறைமுகத்தில் படகு வைத்து ஆட்களைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகிற அண்ணா ஒருவர் இருக்கிறார். பிறகு வாசிப்பு வட்டம் என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற நாங்கள் இருக்கிறோம். மூன்று தரப்பிடமும் இந்த ஜிபி கேள்வி வந்திருக்கிறது. மூன்று தரப்புக்கும் பதில் தெரியவில்லை. தெரியாதது ஒரு குற்றமும் இல்லை, ஏனென்றால் கேள்விதான் பிழை.

சந்தையில் மீன் வாங்கப் போகும்போது, "எத்தின கிராம் புரதம் வேணும்?" என்று மீன்காரர் கேட்டால் எப்படி இருக்கும்? நாங்கள் சொல்வது வேறு. "வீட்டில அஞ்சு பேர், மத்தியானம் குழம்புக்கு, சின்னப் பிள்ளை இருக்கு, முள்ளு குறைவா இருந்தா நல்லம்" என்போம். அதைக் கேட்டுவிட்டு எந்த மீன், எத்தனை கிலோ என்று அவர் சொல்வார். எங்களுக்கு வீடு தெரியும், அவருக்கு மீன் தெரியும். ஹோஸ்டிங் கேட்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும். பொருளின் பெயரையோ அளவையோ சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. என்ன செய்யப்போகிறோம், யாருக்காக, எவ்வளவு காலம், எது தொலைந்துபோகக் கூடாது என்பதைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

நான் கலைப்பீடத்துப் பிள்ளை. வரலாறும் தமிழும் படிக்கிறேன். கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள். ஆனால் அவர்களுக்கு இது தெரிந்த விசயம் என்பதால் எழுதமாட்டார்கள். தெரியாமல் தொடங்கி, கேட்டுக் கேட்டு அறிந்துகொண்ட ஒருத்தி எழுதினால், தெரியாமல் தொடங்குகிற இன்னொருவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

காணாமல்போன குரல்கள்

எங்களுக்கு முந்தின செட் அண்ணா அக்காமார் 2017 இல் ஒரு வேலை தொடங்கினார்கள். துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற ஊர்களில் வயதானவர்களிடம் போய், அவர்கள் கதைப்பதைப் பதிவு செய்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், 2004 டிசெம்பர் 26 கடலைப் பார்த்தவர்கள், 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து வெளிக்கிட்டவர்கள். முப்பத்தெட்டுப் பேர். அவற்றை ஒரு இணையத்தளத்தில் போட்டார்கள். அதில் ஒரு குரல் என் அம்மம்மாவுடையது. ஐம்பத்திரண்டு நிமிசம். மூதூரில் அவவின் வீட்டு முற்றத்தில் நின்ற மாமரத்தைப் பற்றியே பாதி நேரம் கதைத்திருப்பா.

அப்போது நான் பள்ளிக்கூடம். அம்மம்மா 2021 இல் தவறிவிட்டா. 2022 இல் அந்தத் தளமும் போய்விட்டது.

எப்படிப் போனது என்று பிறகு விசாரித்ததில், அதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஹோஸ்டிங் காசு ஒரு அண்ணாவின் கார்ட்டில் இருந்து டொலரில் போய்க்கொண்டிருந்தது. அவர் வெளிநாடு போனார். கார்ட் காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த ஈமெயில்கள் யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போயின. அந்த வருசம் நாட்டில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. மின்வெட்டு, பெற்றோல் வரிசை, டொலர் இல்லை. யாருக்கும் இணையத்தளம் ஞாபகம் வரவில்லை. கொஞ்சக் காலம் கழித்து அந்த முகவரியை அடித்துப் பார்த்தபோது சூதாட்ட விளம்பரம் ஒன்று வந்தது.

இணைய ஆவணகத்தின் வேபேக் மெசினில் தேடினோம். 1996 இல் தொடங்கிய அந்த அமைப்பு உலகத்தின் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது. எங்கட தளத்தின் சில பக்கங்களும் இருந்தன. படங்கள் இருந்தன, பெயர்கள் இருந்தன, அம்மம்மாவின் படத்துக்குக் கீழே "கேட்க இங்கே அழுத்தவும்" என்ற வரியும் இருந்தது. அழுத்தினால் ஒன்றும் வராது. ஒலிக்கோப்புகள் படியெடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு அக்காவின் பழைய ஹார்ட்டிஸ்க்கில் பதினொரு பதிவுகள் கிடைத்தன. அம்மம்மா அதில் இல்லை.

அந்தத் தளத்துக்கு ஹோஸ்டிங் கேட்டு 2017 இல் அனுப்பிய ஈமெயிலை அந்த அக்கா தேடி எடுத்துக் காட்டினா. ஒரே ஒரு வரி: "குறைந்த விலையில் நல்ல ஹோஸ்டிங் பக்கேஜ் ஒன்று வேண்டும்." அதற்கு வந்த பதில் ஒரு விலைப்பட்டியல். இரண்டு பக்கத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் முப்பத்தெட்டுக் கிழவர் கிழவிகளின் குரல் இருக்கப்போகிறது என்பது எங்கேயும் இல்லை. சொல்லாத விசயத்தைப் பாதுகாக்க யாராலும் முடியாது.

இப்போது நாங்கள் திரும்பவும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். அதனால்தான் இந்தக் கேள்வியோடு இவ்வளவு மல்லுக்கட்டினோம்.

முகவரி வேறு, வீடு வேறு

முதலில் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டியது மூன்று விசயம். டொமைன் என்பது முகவரி. ஹோஸ்டிங் என்பது வீடு, அதாவது எப்போதும் இணையத்தோடு தொடுக்கப்பட்டிருக்கிற ஒரு கணினியில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிற இடம். எழுத்து, படம், ஒலி, அவற்றை அடுக்கிக் காட்டுகிற வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் எல்லாம் வீட்டுச் சாமான். மூன்றையும் ஒரே இடத்தில் வாங்கலாம். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. சாமானை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகலாம், அதே முகவரியைப் புது வீட்டுக்குத் திருப்பலாம்.

இது வெறும் பாடப்புத்தக வித்தியாசம் இல்லை. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி, கூகிளின் இலங்கை முகவரி உட்பட டொட் எல்கே முகவரிகள் சிலவற்றுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். கூகிளின் கணினிகளுக்குள் யாரும் நுழையவில்லை. வீடு பத்திரமாக இருந்தது, வழிகாட்டிப் பலகையைத்தான் யாரோ திருப்பிவிட்டிருந்தார்கள். கூகிளுக்கே இப்படி என்றால், முகவரியை யார் வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே கேட்கும்போது சொல்ல வேண்டிய முதல் வரி: "எங்களிடம் முகவரி இருக்கிறது, வீடு மட்டும் வேண்டும்" அல்லது "இரண்டும் வேண்டும், ஆனால் முகவரி எங்கள் பெயரில் பதியப்பட வேண்டும்." படகு அண்ணாவுக்கு நடந்தது இதுதான். தளம் செய்து கொடுத்த ஆள் முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வந்த நேரம், அண்ணாவின் படகின் பெயர் அண்ணாவிடம் இல்லை.

டொட் எல்கே முகவரிகளை 1990 இலிருந்து எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி பராமரிக்கிறது. 2010 இலிருந்து டொட் இலங்கை என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் எடுக்கலாம். எது எடுத்தாலும் பெயர், தொலைபேசி, ஈமெயில் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். டொட் கொம் போன்ற முகவரிகள் காலாவதியாகி அழிக்கப்படும் கட்டத்துக்கு வந்தாலும், மேலதிகக் காசு கட்டி மீட்க 30 நாள் இருக்கிறது. அது தாண்டினால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். சூதாட்டக்காரர் எடுத்தது அப்படித்தான்.

தாங்கியும் தண்ணீர்ப் போத்தலும்

சரி, இப்போது ஜிபிக்கு வருவோம்.

சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகளைத் தெரியாத திருக்கோணமலைப் பிள்ளை இல்லை. தொண்ணூற்றொன்பது தாங்கிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். யுத்தக் கப்பல்களுக்கு என்று கட்டினது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போய், பல பத்தாண்டுகள் பெரும்பாலான தாங்கிகள் வெறுமையாகக் காட்டுக்குள் நின்றன. 2022 ஜனவரியில்தான் 14, 61, 24 என்று பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள். எங்கட ஊர் ஆட்களுக்கு "பெரிய கொள்ளளவு" என்ற சொல்லில் மயங்க நியாயமே இல்லை. ஆனாலும் "அன்லிமிட்டெட் ஸ்பேஸ்" என்று கண்டால் மனம் போய்விடுகிறது.

ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குத் தாங்கி தேவையா என்று பார்க்க, கையால் கணக்குப் போட்டாலே போதும். நாங்கள் போட்டது இது.

எழுத்து: கணினியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் போகிறது, ஆங்கில எழுத்துக்கு ஒன்று. மூன்று மடங்கு என்று கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் 2,500 சொல் கட்டுரை ஒன்று ஏறத்தாழ 60 கிலோபைட்தான். நூற்றைம்பது கட்டுரை எழுதினாலும் 9 மெகாபைட். போனில் எடுத்த மூன்று படத்தின் எடை.

படம்: போன் படம் ஒன்று 3, 4 மெகாபைட் வரும். தளத்தில் பார்க்க அவ்வளவு தேவையில்லை. சுருக்கினால் 250 கிலோபைட். அறுநூறு படம் என்றால் 150 மெகாபைட்.

ஒலி: இதுதான் எங்கட பெரிய சாமான். நாற்பது பதிவு, ஒவ்வொன்றும் 50 நிமிசம் என்றால் மொத்தம் 2,000 நிமிசம். சுருக்காத வேவ் கோப்பாக வைத்தால் நிமிசத்துக்கு 10 மெகாபைட், மொத்தம் 20 ஜிபி. ஆள் கதைப்பதைக் கேட்பதற்குப் போதுமான எம்பித்ரீயாக, 64 கேபிபிஎஸ்ஸில் சுருக்கினால் நிமிசத்துக்கு அரை மெகாபைட் கூட இல்லை. மொத்தம் 960 மெகாபைட். அதே குரல், ஒரு பக்கம் 20 ஜிபி, மற்றப் பக்கம் ஒரு ஜிபிக்கும் குறைவு.

ஆகவே முடிவு: மூலப் பதிவுகள் இரண்டு ஹார்ட்டிஸ்க்கில், இரண்டு வீட்டில். தளத்தில் சுருக்கின பிரதி மட்டும். எல்லாம் சேர்த்து 1.2 ஜிபிக்குள். வளர இடம் விட்டு 5 ஜிபி கேட்டால் தாராளம்.

இந்தக் கணக்குப் போடுவதற்கு ஒரு பின்னேரமும் ஒரு பிளேன்ரீயும்தான் செலவானது. "எத்தின ஜிபி?" என்ற கேள்விக்குப் பதில் வந்தது. ஆனால் பதிலைவிடப் பெரிய நன்மை, எதை எங்கே வைப்பது என்று நாங்களே தீர்மானிக்க வேண்டி வந்ததுதான்.

யார் வருவார்கள், எங்கேயிருந்து

இடம் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. ஆட்கள் வந்து போகிற கணக்கு வேறு. அதைப் பான்ட்வித் என்கிறார்கள். ஒழுங்கையில் மாதம் எத்தனை வண்டி போகலாம் என்பது போல.

ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்து, ஆளுக்கு ஒரு மெகாபைட் கனமான இரண்டு பக்கம் பார்த்தால் 100 மெகாபைட். அதில் பத்துப் பேர் ஒரு பதிவை முழுதாகக் கேட்டால் இன்னொரு 240. மாதத்துக்கு 10 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. சாதாரண நாளுக்கு அவ்வளவுதான். ஆனால் டிசெம்பர் 26 அன்று ஒரு பதிவைப் பேஸ்புக்கில் பகிர்ந்து, ஐந்நூறு பேர் அதே நாள் கேட்டால், அந்த ஒரு நாளில் மட்டும் 12 ஜிபி. ஒரு மாதக் கணக்கு ஒரு நாளில் முடிந்துவிடும். சராசரியை மட்டும் சொல்லிவிட்டு இந்த நாளைச் சொல்லாமல் விட்டால், தளம் மிகவும் தேவைப்படுகிற நாளில் அது படுத்துவிடும். கோயில் திருவிழாவுக்குச் சாப்பாடு சொல்கிறபோது கொடியேற்றத்தின் கூட்டத்தையா சொல்வோம், தேரின் கூட்டத்தைத்தானே சொல்வோம்.

எங்கேயிருந்து வருகிறார்கள் என்பதும் சொல்ல வேண்டும். படகு அண்ணாவின் ஆட்கள் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து பார்க்கிறவர்கள். எங்கட ஆட்கள் பாதி இங்கே, பாதி ரொறன்ரோவிலும் லண்டனிலும். இங்கே இருப்பவர்கள் போனில், டேட்டா காட் போட்டுப் பார்க்கிறவர்கள். ஆகவே பக்கம் இலேசாக இருக்க வேண்டும். அழுத்தினால் மட்டுமே ஒலி இறங்க வேண்டும், தானாகப் பாடத் தொடங்கக் கூடாது. இது ஹோஸ்டிங் இல்லை, தள வடிவமைப்பு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் சொன்னால்தான் எந்த நாட்டுச் சேர்வர் பொருத்தம், நடுவில் ஏதாவது வசதி வேண்டுமா என்று தெரிந்தவர் யோசிப்பார்.

இப்படிச் சொல்லிப் பார்த்ததில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மாமியின் தேவையை எழுதிப் பார்த்தோம். இரண்டு அறை, ஐந்தாறு படம், வாடகை, வட்ஸ்அப் இலக்கம், கூகிள் வரைபடத்தில் வீடு இருக்கிற இடம். எழுதி முடித்ததும் மாமியே சொன்னா: "இதுக்கு ஏன் பிள்ளை வீடு வாடகைக்கு எடுக்கிறது? ஒரு பக்கம் காணுமே." சரியான கதை. அவவுக்கு இலவசமான ஒரு பக்கச் சேவையே காணும். காசு கட்டி ஹோஸ்டிங் எடுக்கத் தேவையே இல்லை. தேவையைச் சரியாகச் சொன்னால் சிலவேளை வாங்காமலே வரலாம்.

இலவசத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜியோசிற்றிஸ் என்ற இலவச இடத்தில் உலகமெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்தார்கள். 1999 இல் யாஹூ அதை வாங்கியது. 2009 ஒக்டோபர் 26 இல் மூடியது. மாமியின் வாடகை விபரம் அப்படிப் போனால் ஒரு பின்னேரத்தில் திரும்ப எழுதலாம். அம்மம்மாவின் குரலை எழுத முடியாது. இலவசமா காசா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இதை வைத்துத்தான்.

அடுத்த வருசம் எவ்வளவு?

விளம்பரத்தில் பெரிதாக இருக்கிற விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும். புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கும் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். ஆகவே கேட்க வேண்டியது, "மூன்று வருசத்துக்கு மொத்தம் எவ்வளவு?"

எங்கட நாட்டில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: எந்தக் காசில்? மாதம் 3 டொலர் என்றால் வருசம் 36 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது அது 7,200 ரூபா. அதே வருசம் மே மாதம் 360 தொட்டபோது 12,960. சேவை மாறவில்லை, அளவு மாறவில்லை, மாணவர்கள் சேர்க்க வேண்டிய காசு மட்டும் ஏறியது. கட்டுகிறதுக்குக் கார்ட் வேலை செய்கிறதா என்பது வேறு கவலை. உள்ளூரில் ரூபாயில் வாங்கினால் கட்டுவது சுலபம். ஆனால் அவர் வெளிநாட்டில் டொலருக்கு எடுத்து எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர் என்றால், ஏற்றம் அவர் வழியாகவும் வரும். கேட்டுவைத்தால் பிறகு கோபம் வராது.

எங்கட பட்ஜெட்டை நாங்கள் மறைக்கவில்லை. "எங்களிடம் வருசத்துக்கு இவ்வளவுதான் இருக்கிறது, பன்னிரண்டு பேர் சேர்க்கிறோம்" என்று எழுதினோம். பட்ஜெட்டைச் சொன்னால் முழுவதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். அப்படியும் நடக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டால், எங்களால் கட்ட முடியாததைப் பற்றிக் கதைத்தே ஒரு கிழமை போய்விடும்.

எரிந்தால்?

எரிவது என்பது எங்கட ஆட்களுக்குப் புதுச் சொல் இல்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நினைவிருக்கிற சமூகத்தில்தான் 2005 இல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் தொண்டர்களால் தொடங்கப்பட்டது. கடதாசி எரியும், கணினியில் இருந்தால் தப்பும் என்று ஒரு நம்பிக்கை எங்களுக்குள் இருக்கிறது.

கணினியும் எரியும். 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. பல இலட்சம் தளங்கள் ஒரே நாளில் நின்றன. காப்புப்பிரதி வேறு இடத்தில் வைத்திருந்தவர்கள் திரும்பி வந்தார்கள், வைக்காதவர்கள் சிலர் வரவேயில்லை. காப்புப்பிரதிக்கென்று தனியாகக் காசு கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பிரதியும் அங்கேயே இருந்து எரிந்துபோனது. அது வழக்காகி, 2023 இல் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தது, எரிந்த பிரதி வரவில்லை.

ஆகவே "பக்கப் இருக்கா?" என்று கேட்டால் போதாது. எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியவை: எத்தனை நாளுக்கு ஒருக்கா எடுப்பீர்கள்? எங்கே வைப்பீர்கள், அதே கட்டடத்திலா? நானே இறக்கி எடுக்கலாமா? திரும்பப் போட எவ்வளவு நேரம், அதற்குக் காசா? பிறகு, என்ன பதில் வந்தாலும், ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும்.

இதைப் போலவே "99.9 வீதம் அப்டைம்" என்பதையும் பயப்படாமல் கணக்குப் பாருங்கள். மீதி 0.1 வீதம் என்பது மாதத்தில் 43 நிமிசம். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு கிழவியின் கதையை 43 நிமிசம் கழித்தும் கேட்கலாம். நாள் முழுக்க நின்றாலும் பரவாயில்லை, தொலையாமல் இருந்தால் சரி என்று எழுதினோம். நேரடியாகப் பதிவு எடுத்து வியாபாரம் செய்கிறவர் அப்படி எழுதமாட்டார். எது தாங்கும், எது தாங்காது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி. மூன்றாம் வருசம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஹோஸ்டிங்கில் பல வகை இருக்கிறது. பலர் ஒரே கணினியைப் பகிர்கிற ஷேர்ட் ஹோஸ்டிங் ஒரு பெரிய வீட்டில் ஒரு அறை மாதிரி. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்ப்பார். விபிஎஸ் தனி வீடு மாதிரி. விரும்பின மாதிரி இருக்கலாம், ஆனால் பூட்டு மாற்றுவது, கூரை வேய்வது பெரும்பாலும் உங்கள் வேலை. படகு அண்ணாவுக்கு ஒரு இடத்தில் தனி வீடு விற்றிருந்தார்கள். அவர் காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போகிற மனுசன். மென்பொருளை யார் புதுப்பிப்பது? ஒரு வருசம் யாரும் தொடவில்லை, தளத்துக்குள் யாரோ புகுந்து விளம்பரம் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "நான் பாக்கமாட்டன், எனக்கு நேரமில்லை" என்ற ஒரு வரியை முதலே சொல்லியிருந்தால், அவருக்குத் தனி வீடு பொருத்தமில்லை என்று விற்றவருக்கே விளங்கியிருக்கும்.

எங்கட கதையும் அதுதான். மாணவர் அமைப்பு என்றால் மூன்று, நான்கு வருசத்தில் முகம் மாறும். நான் அடுத்த வருசம் முடித்துவிட்டு எங்கே இருப்பேனோ தெரியாது. ஆகவே கணக்கு ஒரு ஆளின் ஈமெயிலில் இருக்கக் கூடாது. அமைப்புக்கென்று ஒரு ஈமெயில், அதன் கடவுச்சொல் மூன்று பேரிடம், அதில் ஒருவர் ஊரை விட்டுப் போகாத ஒரு ரீச்சர்.

நாங்கள் கடைசியில் அனுப்பிய கடிதம் இது. உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

"வணக்கம். நாங்கள் திருக்கோணமலையில் உள்ள பன்னிரண்டு பேர் கொண்ட வாசிப்பு வட்டம். முதியவர்களின் குரல் பதிவுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் வைக்கப்போகிறோம். மூன்று வருசத்தில் நாற்பது ஒலிப்பதிவு, அறுநூறு படம், நூற்றைம்பது கட்டுரை, மொத்தம் 1.2 ஜிபி அளவில். எழுத்து முழுவதும் தமிழ். நாளுக்கு ஐம்பது பேர் வருவார்கள். வருசத்தில் ஒன்றிரண்டு நாள் ஐந்நூறு பேர் வரலாம். பாதிப் பேர் இலங்கையில் போனில் பார்ப்பவர்கள், மீதி கனடா, இங்கிலாந்து. வேர்ட்பிரஸ் பாவிக்கத் தெரியும். சேர்வர் பராமரிக்கத் தெரியாது, அதற்கு ஆளும் இல்லை. தளம் சில மணி நேரம் நின்றால் பரவாயில்லை. கோப்புகள் அழியக் கூடாது. முகவரி எங்கள் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். ரூபாயில் கட்ட விரும்புகிறோம். மூன்று வருசத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு? காப்புப்பிரதி எங்கே இருக்கும், நாங்களே இறக்கலாமா? நாங்கள் விலக நினைத்தால் எல்லாவற்றையும் எப்படி எடுத்துக்கொண்டு போவது?"

மூன்று இடத்துக்கு அனுப்பினோம். ஒரு இடத்திலிருந்து விலைப்பட்டியல் வந்தது. இன்னொரு இடத்தில், இவ்வளவும் எழுதின பிறகும், "எத்தின ஜிபி வேணும்?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். மூன்றாவது ஆள் போன் எடுத்தார். ஒலிக்கோப்புகளை எந்த அளவில் சுருக்கியிருக்கிறோம் என்று கேட்டார். பிறகு, நாங்கள் பார்த்து வைத்திருந்ததைவிடச் சின்னப் பக்கேஜ் காணும் என்றார். டிசெம்பர் கூட்டத்துக்கு முதல் ஒரு கிழமை முன்னே தனக்குச் சொல்லிவிடச் சொன்னார். காப்புப்பிரதியை மாதம் ஒருக்கா எங்கட ஹார்ட்டிஸ்க்குக்கு இறக்குவது எப்படி என்று கடைசிப் பத்து நிமிசத்தில் சொல்லித் தந்தார். அவரிடமே எடுத்தோம். இறக்குகிற வேலை இப்போது முறை வைத்து நடக்கிறது. இந்த மாதம் என் முறை.

பழைய தளம் 2017 இலிருந்து 2022 வரை இருந்தது. அந்தக் காலத்தில் யாராவது அதிலிருந்து ஒரு பதிவை இறக்கிப் போனிலோ, பழைய லப்டொப்பிலோ, வட்ஸ்அப் குறூப்பிலோ வைத்திருக்கக்கூடும். மூதூர்க் கிழவி ஒருத்தி மாமரத்தைப் பற்றி நெடுநேரம் கதைக்கிற கோப்பு என்றால், கேட்ட உடனே தெரியும். எங்கட குழுவுக்கு அறியத்தாருங்கோ.